எல்லையோரக் கடைகள்: நிலையற்ற காலத்தில் சில்லறை வணிகம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையின் கடைவீதியில் ஒரு மளிகைக் கடை முன் சிறிது நேரம் நின்றால் போதும், எல்லையோர வணிகத்தின் இயல்பு விளங்கிவிடும். பெயர்ப்பலகையில் மலையாளமும் தமிழும் இருக்கும். கல்லாவில் இருப்பவர் ஒருவரிடம் மலையாளத்திலும் அடுத்தவரிடம் தமிழிலும் கணக்குச் சொல்வார். பருப்பும் எண்ணெயும் பொள்ளாச்சியிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வந்திருக்கும். இடுக்கி மாவட்டத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு, மறையூர் ஆகிய ஊர்களிலும் இதே நிலைதான். அங்கே கம்பமும் போடியும் உடுமலைப்பேட்டையும் சரக்கு அனுப்பும் ஊர்களாக விளங்குகின்றன.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் அமைந்தன. நிலப்படத்தில் கோடு விழுந்ததே தவிர, சந்தையின் போக்கு மாறவில்லை. இரு பக்கத்து மக்களும் இரு பக்கமும் வாங்கி விற்றுக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆனால் எல்லையில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு தனிச் சுமை உண்டு. எந்தப் பக்கம் இடர் நேர்ந்தாலும் அது முதலில் அவருடைய கல்லாவில் தெரியும். அந்த இடர்களை எவ்வாறு எதிர்கொள்வது என்பதை ஒரு வங்கியாளரின் கண்கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பத்தாண்டுகளில் கண்டவை

கடந்த காலத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டின் இறுதியில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கலால் குமுளி வழிப் போக்குவரத்து தடைப்பட்டது. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் போனஸ் கோரி ஒன்பது நாள் போராடினர், நகரமே நின்றுபோயிற்று. 2016 நவம்பர் 8ஆம் நாள் 500 ரூபாய், 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. 2017 ஜூலை முதல் நாள் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்து, வாளையாறு உள்ளிட்ட வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் பணியும் முடிவுக்கு வந்தது.

2018ஆம் ஆண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சிக்கு மூணாறு காத்திருந்த ஆண்டு. ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. மூணாறு-மறையூர்ச் சாலையில் பெரியவரைப் பாலம் இடிந்தது. மலரைக் காண வரவேண்டிய கூட்டம் வரவில்லை. 2019இல் தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டில் மண்சரிவு ஏற்பட்டுப் போடி வழி தடைப்பட்டது. 2020 மார்ச் 25 முதல் நாடடங்கு. வாளையாறும் குமுளியும் போடிமெட்டும் சின்னாறும் அடைபட்டன. ஏலத்தோட்ட வேலைக்குத் தேனி மாவட்டத்திலிருந்து நாள்தோறும் ஜீப்பில் வந்துசென்ற தொழிலாளர்கள் வரவில்லை; அவர்களுடைய கூலியை நம்பியிருந்த கடைகளின் விற்பனையும் குறைந்தது.

இவை ஒவ்வொன்றையும் தனித்தனி விபத்தாகக் கருதுவதே நம் வழக்கம். ஒரே வரிசையில் நிறுத்திப் பார்த்தால், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் அதிர்ச்சி வந்திருப்பது தெரியும். ஆகவே இடரைச் செலவுக் கணக்கில் எழுதப்படாத ஒரு செலவாகக் கொண்டு, அதற்கும் சேர்த்துத் திட்டமிடுவதே அறிவுடைமை.

இது புதிய பாடமும் அன்று. 1924ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் பாதையை அழித்தது. அப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. எனினும் தேயிலை மலையிலேயே தங்கிவிடவில்லை. கம்பிவடப் பாதை வழியாக மலையிறங்கிப் போடிநாயக்கனூர்ப் பக்கம் சென்றது. ஒரு வழி அடைபட்டால் மறுவழி காண்பது இம்மலையின் பழைய வழக்கம்.

வாடிக்கையாளரின் பணம் எங்கிருந்து வருகிறது?

முதலில் செய்யவேண்டியது இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பது. கடைக்கு வருபவர்களின் வருவாய் எந்தத் தொழிலிலிருந்து, எந்த மாதத்தில் வருகிறது?

மூணாற்றில் அது தோட்டத்தின் மாதக் கூலி. அதனுடன் சுற்றுலாப் பயணிகளின் செலவு. நெடுங்கண்டத்திலும் கட்டப்பனையிலும் ஏலக்காய், மிளகு. ஏலக்காயின் விலை எவ்வளவு ஏறி இறங்கும் என்பதை இப்பகுதியினர் நன்கறிவர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலமையத்தில் கிலோ 7,000 ரூபாய் என்னும் உச்சத்தைத் தொட்ட அதே ஏலக்காய், இரண்டே ஆண்டுகளில் ஆயிரம் ரூபாய் அளவுக்குச் சரிந்தது. உச்ச விலை நிலவிய ஆண்டின் விற்பனையை நம்பிக் கடையை விரிவாக்கியவரின் நிலை எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சித்தூர் வட்டத்தில் நெல்லும் தென்னையும் காய்கறியும் பணம் தருகின்றன. முதலமடையில் மாங்காய்ப் பருவம் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நெல்லைக் கொள்முதல் செய்யும் சப்ளைகோ, உழவர்களுக்கு ரசீது வழங்குகிறது. அந்த ரசீதின் பேரில் வங்கி வழியாகப் பணம் கிடைக்கிறது. அப்பணம் தாமதமானால் உழவர் மட்டும் காத்திருப்பதில்லை. அவருக்கு உரமும் அரிசியும் துணியும் கடனாகக் கொடுத்த கடைக்காரரும் காத்திருக்கிறார்.

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஊரில் பணம் புழங்குமா புழங்காதா என்று குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு வாங்குவதும் கடன் தருவதும் தவணை கட்டுவதும் அந்தத் தாளைப் பார்த்தே நடக்கவேண்டும். ஒரே பயிரை, ஒரே தோட்டத்தை நம்பியிருக்கும் கடை, வேறு வருவாயுடைய வாடிக்கையாளர் சிலரையேனும் தேடிக்கொள்வது நன்று. பள்ளி, அலுவலகம், ஓய்வூதியர் இல்லம் ஆகியவற்றில் விலைச் சரிவோ மழையோ வருவாயை உடனே நிறுத்துவதில்லை.

பற்று நோட்டு

தோட்டப் பகுதிக் கடையின் உயிர்நாடி பற்று நோட்டு. மாதம் முழுவதும் சாமான் வாங்கிச் செல்லும் லயத்துக் குடும்பம், கூலி நாளில் கணக்குத் தீர்க்கும். வேலை நின்ற காலத்தில் கடைக்காரர் முன் நிற்கும் கேள்வி கடினமானது. கடனை நிறுத்தினால் பல தலைமுறைப் பழக்கம் முறியும். அடுப்பெரியாத வீட்டுக்கு அரிசி மறுத்த பழி சேரும். நிறுத்தாவிட்டால் கடையே முழுகக்கூடும்.

வங்கியாளர்களாகிய நாங்கள் கடனை நிறுத்துங்கள் என்று கூறமாட்டோம். நம்பிக்கையின் பேரில் கடன் தருவதுதான் எங்கள் தொழிலும். ஆனால் கணக்கின்றித் தருவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மாதம் மூன்று இலட்சம் ரூபாய் விற்பனையுள்ள ஒரு கடையில் பாதி கடன் விற்பனை என்று கொள்வோம். முப்பது நாளில் வசூலானால் வெளியே நிற்பது ஒன்றரை இலட்சம். அதே வசூல் அறுபது நாளானால் மூன்று இலட்சம். விற்பனை ஒரு ரூபாயும் கூடவில்லை. ஆனால் மேலும் ஒன்றரை இலட்சம் ரூபாய் முதல் முடங்கிவிட்டது. நூற்றுக்குப் பத்து ரூபாய் மொத்த ஆதாயம் உள்ள தொழிலில் ஐயாயிரம் ரூபாய் வாராக் கடனை ஈடுகட்ட ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் புதிதாக விற்கவேண்டும்.

ஆகவே மூன்று ஒழுங்குகளைக் கடைப்பிடிக்கலாம். முதலாவது, குடும்பத்திற்கு ஓர் உச்சவரம்பை முன்கூட்டியே பேசி வைப்பது. அது ஒரு மாதக் கூலியில் ஒரு பகுதியைத் தாண்டலாகாது. இரண்டாவது, இடர்க் காலத்தில் கடனை முழுவதும் நிறுத்தாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, குழந்தைக்குரிய பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டும் வழங்குவது. மூன்றாவது, பழைய பாக்கியைத் தனியே எழுதி, வேலை தொடங்கியபின் மாதந்தோறும் சிறு தொகையாகப் பெறுவது. எங்கள் அனுபவத்தில், வெளிப்படையாகப் பேசி வகுத்த ஒழுங்கினால் வாடிக்கையாளர் விலகுவது அரிது. திடீரெனக் காட்டும் கடுமையே அவர்களை விலக்குகிறது.

சரக்கு: எதைக் குறைப்பது, எதைச் சேர்ப்பது?

அதே கடையின் கொள்முதல் மாதம் 2 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாய். இருப்பு 5 இலட்சத்து 40 ஆயிரமாக இருந்தால், இரண்டு மாதச் சரக்கு அடுக்கில் கிடக்கிறது என்று பொருள். அதை ஒரு மாத அளவுக்குக் குறைத்தால் 2 இலட்சத்து 70 ஆயிரம் கைக்கு வரும். பத்து விழுக்காடு வட்டி எனக் கொண்டால் ஆண்டுக்கு 27 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

ஆனால் மலைப்பகுதிக் கடைக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. பாலம் இடிந்து ஒரு வாரம் லாரி வராவிட்டால், இருப்பு உள்ள கடையே ஊரைக் காக்கும். எனவே சரக்கை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, தீப்பெட்டி, மெழுகுவர்த்தி, பால்பொடி முதலியன எப்போதும் விற்கும். பெரும்பாலானவை எளிதில் கெடுவதுமில்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்திலேயே இவற்றின் இருப்பைக் கூட்டுங்கள். அலங்காரப் பொருள், பலவகை பிஸ்கட்டு, பரிசுப்பொருள், பயணிகளை மட்டும் நம்பிய சரக்கு ஆகியவற்றை அதே மாதத்தில் குறையுங்கள். மூன்று மாதமாக அசையாத சரக்கை அசல் விலைக்கேனும் விற்றுவிடுவது இழப்பன்று. முடங்கிய பணத்தை மீட்பதாகும்.

சரக்கு வரும் வழியும் இரண்டாக இருக்கவேண்டும். மறையூர்க் கடைக்கு உடுமலைப்பேட்டை ஒரு வழி, மூணாறு மறுவழி. குமுளிக்குக் கம்பம் ஒரு வழி, கோட்டயம் மறுவழி. இரண்டாம் வழியில் விலை சற்றுக் கூடுதலாக இருக்கலாம். எனினும் மாதக் கொள்முதலில் ஒரு சிறு பகுதியை அங்கே வாங்கிவந்தால்தான் நெருக்கடியில் அந்த மொத்த வியாபாரி நம்மை அறிந்தவராக இருப்பார். அண்டைக் கடைகள் நான்கைந்து சேர்ந்து ஒரே லாரியில் சரக்கு எடுப்பதும் வாடகையைக் குறைக்கும்.

புதுமை என்பது பெரிய செலவன்று

புதுமை என்றவுடன் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில், வாடிக்கையாளரின் ஒரு சிரமத்தைக் குறைப்பதே புதுமை. நாடடங்கின்போது வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் பெற்று வீட்டில் கொண்டுசேர்த்த வழக்கத்தை இப்போதும் தொடரலாம். லயங்களுக்கு வாரம் இருமுறை ஒரு ஜீப்பில் சாமான் அனுப்பினால், கடைவீதிக்கு வந்துபோகும் தொழிலாளிக்கு வண்டிக்கூலி மிச்சம். கடைக்கு உறுதியான விற்பனை.

பயணிகளை நம்பிய கடைகள் எங்கும் கிடைக்கும் பொருளை விடுத்து, இங்கு மட்டும் கிடைக்கும் பொருளை நாடலாம். மறையூர்ச் சர்க்கரை எனப்படும் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தளூர், வட்டவடைப் பகுதிப் பூண்டும், ஏலக்காயும், தேயிலையும் வெளியூரில் பெயர் பெற்றவை. விளைவித்தவரிடமிருந்து நேரே வாங்கி, எடையும் நாளும் குறித்துப் பொதிந்து, ஒருமுறை வந்த பயணிக்கு அஞ்சலில் மறுமுறை அனுப்ப முடிந்தால், சாலை அடைபட்ட மாதத்திலும் ஓரளவு விற்பனை நிற்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் முறையான சிட்டையும் அதற்குத் தேவை.

எல்லை கடந்து சரக்கு அனுப்பும்போது வரி விதிகளை மறவாதீர். ஜி.எஸ்.டி.யில் தொகுப்புத் திட்டத்தில் உள்ள வணிகர் வேறு மாநிலத்திலிருந்து வாங்கலாம். வேறு மாநிலத்துக்கு விற்க இயலாது. மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தமிழ்நாட்டுக் கடைக்கு அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனையே. இம்முடிவை எடுக்குமுன் உங்கள் கணக்கரைக் கலந்துகொள்ளுங்கள்.

கல்லாவும் கைப்பேசியும்

2016இல் தாள் மாற்றத்தின்போது வங்கி வாசலில் வரிசையில் நின்ற வணிகர்கள் பலர் இன்று கியூ.ஆர். அட்டை இல்லாமல் கடை திறப்பதில்லை. யு.பி.ஐ. வழி வரும் பணத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்த வரவுகள் அனைத்தும் வங்கிக் கணக்கில் பதிவாகின்றன. கடன் கேட்டு வரும்போது, அந்தப் பதிவே உங்கள் விற்பனைக்குச் சான்று. விற்பனைப் பணத்தைக் குடும்பத்தார் பலரின் கணக்குகளில் சிதறவிட்டால் அந்தச் சான்று கலைந்துவிடும். கடைக்கென ஒரு நடப்புக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் மின்சாரமும் இணையமும் தடைப்படுவது இயல்பு. இரு வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள், மின்னேற்றி வைத்த பேட்டரி, சில்லறைக் காசு மூன்றும் கைவசம் இருக்கட்டும். சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போர் இணையமின்றியே பணம் செலுத்த யு.பி.ஐ. 123பே என்னும் வசதி 2022 முதல் உள்ளது. வாடிக்கையாளர் காட்டும் படத்தை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர். உங்கள் கணக்கில் வரவு வந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடன்: எவ்வளவு, எப்போது?

சிறு வணிகருக்கு ஈடின்றிக் கடன் தரும் முத்ரா திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. சிசுப் பிரிவில் 50 ஆயிரம் ரூபாய் வரை, கிஷோர்ப் பிரிவில் 5 இலட்சம் வரை, தருண் பிரிவில் 10 இலட்சம் வரை கடன் உண்டு. தருண் கடனைச் செம்மையாகத் திருப்பியவர்களுக்கு 20 இலட்சம் வரை தரும் பிரிவு 2024இல் சேர்க்கப்பட்டது. 2021 ஜூலை முதல் சில்லறை, மொத்த வணிகர்களும் உத்யம் பதிவு செய்துகொண்டு முன்னுரிமைக் கடன் பெறும் தகுதி அடைந்துள்ளனர். இப்பதிவுக்குக் கட்டணமில்லை, இடைத்தரகரும் தேவையில்லை.

நடைமுறை மூலதனக் கடனைக் கணக்கிட ஓர் எளிய முறை உண்டு. வரும் ஆண்டின் விற்பனை 40 இலட்சம் என மதிப்பிட்டால், அதில் கால்பங்கு, அதாவது 10 இலட்சம், நடைமுறைத் தேவை எனக் கொள்ளப்படும். அதில் 8 இலட்சம் வங்கி தரும். 2 இலட்சம் வணிகர் போடவேண்டும். இது வழிகாட்டும் அளவே. பத்து நாளில் விற்றுத் தீரும் சரக்குடைய கடைக்கு இத்தனை கடன் வேண்டியதில்லை. கிடைக்கிறது என்பதற்காக வாங்கி, அதில் நிலம் வாங்கியவர்களும் திருமணம் நடத்தியவர்களும் அடைந்த துன்பத்தை நாங்கள் கண்டிருக்கிறோம்.

2020ஆம் ஆண்டு ஒரு பாடம் கற்பித்தது. அந்த ஆண்டு தவணைகளுக்கு ஆகஸ்ட் 31 வரை அவகாசம் கிடைத்தது. பிப்ரவரி 29 அன்றிருந்த நிலுவையில் 20 விழுக்காடு வரை அரசு உத்தரவாதத்துடன் அவசரக் கடனும் வழங்கப்பட்டது. இவை வங்கியில் கடன் கணக்கு வைத்திருந்தோருக்கே எட்டின. நாள்வட்டிக்கும் மீட்டர் வட்டிக்கும் வாங்கியிருந்தோருக்கு எந்த அவகாசமும் இல்லை. அவசரம் வந்தபின் வங்கியைத் தேடுவதைவிட, நல்ல காலத்திலேயே சிறு கடன் கணக்கொன்றைத் தொடங்கி ஒழுங்காக நடத்துவது மேல்.

தவணை தவறும் நிலை தோன்றினால் தாமதியாமல் கிளைக்கு வாருங்கள். நிலுவை 90 நாளைக் கடந்தால் கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் எங்கள் கைகளும் பெரிதும் கட்டப்பட்டுவிடும். அதற்கு முன்பே வந்தால் தவணையை மாற்றியமைப்பது முதலிய வழிகளை ஆராய இயலும். இதில் எங்கள் பக்கக் குறையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளருக்கு வேற்றுமொழிப் படிவத்தைக் காட்டிக் கையொப்பமிடச் சொல்வது முறையன்று. நிபந்தனைகளைத் தமிழில் விளக்கும்படி தயங்காமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை, எங்கள் கடமை.

காப்பீடு

வெள்ளம், மண்சரிவு, தீ ஆகியவற்றுக்கு எதிராகச் சிறு வணிகருக்கென 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்னும் பொதுவடிவக் காப்பீடு நடைமுறையில் உள்ளது. பலர் செய்யும் பிழை, பிரீமியத்தைக் குறைக்கச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது. ஆறு இலட்சம் பெறுமான சரக்கை மூன்று இலட்சத்துக்குக் காப்பீடு செய்து, இரண்டு இலட்சம் இழப்பு நேர்ந்தால், பாதியளவே, அதாவது ஏறத்தாழ ஒரு இலட்சமே கிடைக்கும். மழைக்கு முன் இருப்பைக் கூட்டினால் காப்பீட்டுத் தொகையையும் கூட்டுங்கள். கொள்முதல் சிட்டைகளைப் படமெடுத்துக் கைப்பேசியிலோ உறவினரிடமோ வைத்திருங்கள். கடையோடு கணக்கும் நனைந்துபோனால் இழப்பை மெய்ப்பிப்பது கடினம்.

முடிவாக

இவையனைத்தையும் செய்தாலும் எல்லாக் கடைகளும் நிலைக்கும் என்று கூற இயலாது. பேரங்காடிகளும் இணைய விற்பனையும் மலையேறி வந்துவிட்டன. ஆயினும் சாலை அறுந்த நாளில் இணைய வண்டி வராது. அன்று கதவைத் திறந்துவைத்து, பெயர் சொல்லி அழைத்து, அரைக்கிலோ அரிசியை நியாய விலைக்குத் தருபவர் தெருமுனைக் கடைக்காரரே. அந்த நாளில் திறந்திருக்கும் வலிமையை இன்றே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இந்த மாதமே மூன்று வேலைகளைச் செய்யுங்கள். பற்று நோட்டைக் கூட்டி, அறுபது நாளைக் கடந்த பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். அடுக்கில் மூன்று மாதமாக அசையாத சரக்கைத் தனியே எடுத்து வையுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள தொகையையும் கடையில் உள்ள சரக்கின் மதிப்பையும் ஒப்பிடுங்கள். இம்மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். உங்களுக்குக் கடன் வேண்டுமா, அல்லது இருக்கும் பணத்தை மீட்டாலே போதுமா என்பதைச் சேர்ந்து அமர்ந்து பார்த்துவிடலாம்.